துவைத்த காலுறை

என் அம்மா நெரெய்தா பதினோரு வருடமாக எங்கள் ஊரான சான் பெத்ரோவின் பேஸ்பால் அணிக்குத் துணி துவைக்கிறாள். இந்த சீசனில் பந்து வீசும் வில்ஃப்ரிதோ தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்தான். ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை தன் காலுறையைத் துவைக்கக் கூடாது என்பது அவன் கட்டளை. அந்த நாற்றத்துக்கு ஆன வயசுக்கு ஓட்டுரிமையே கொடுக்கலாம். அடுத்த ஆட்டத்தில் தோற்றால் எங்கள் சீசன் அதோடு முடிந்துவிடும். ஆட்டத்தன்று காலை அம்மா கைமறதியாக அதையும் துவைத்துவிட்டாள்.

"மைதானத்து மண்ணைப் பூசித் தரேன், கண்டுபிடிக்க மாட்டான்," என்றேன்.

"சும்மா கெடடி. வேலை போனா போகட்டும், பொய் சொல்லி அவனை அனுப்ப மாட்டேன்."

உடை மாற்றும் அறை வாசலில் நின்று சொன்னாள். "தம்பி, துவைச்சிட்டேன்."

வில்ஃப்ரிதோ காலுறையை வாங்கி மோந்து பார்த்தான்.

"சோப்பு வாசனை வருதேக்கா. எங்க கதைய முடிச்சிட்ட," என்றான் உள்ளேயிருந்த ஆட்டக்காரன் ஒருவன்.

வில்ஃப்ரிதோ அதைக் காலில் மாட்டிக்கொண்டான்.

எட்டு இன்னிங்ஸ்வரை இரு அணியும் சமம். அம்மா மைதானத்தைப் பார்க்கவே இல்லை. சத்தத்தை மட்டும் கேட்டபடி இருந்தாள். கடைசியான ஒன்பதாவதில் அவன் வீசிய ஒரு பந்தை எதிரணிக்காரன் அடிக்க, அது வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. எங்களால் திருப்பி அடிக்க முடியவில்லை; தோற்றோம்.

அம்மா தன் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானாள். அழுக்குத் துணியோடு வில்ஃப்ரிதோ வந்தான்.

"காலுறை நல்லாத்தான்க்கா இருந்துச்சு. கைதான் சரியில்ல. அடுத்த சீசனும் நீதான் துவைக்கணும்."

அம்மாவை அவன் குறை சொன்னால் திட்ட நல்ல வார்த்தையாக இரண்டு வைத்திருந்தேன். அவற்றை விழுங்கிவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டேன்.