பாலத்தில் ஒரு பக்கம் காலி

பால் பாட்டில்களை ஆவியில் வைத்து எடுக்கும்போது சூடேறிய பிளாஸ்டிக் வாசனை ஒன்று வரும். இன்று காலை மூடியைத் திறந்ததும் வழக்கம்போல் முதலில் பயந்தேன். பாட்டில் உருகுகிறதோ, பாப்பாவுக்கு ஆகாதோ என்று டப்பாவைத் திருப்பி, அதில் எழுதியிருப்பதை மறுபடி படித்தேன். எத்தனையாவது முறை என்று கேட்காதீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாசனை மூக்கை விடவில்லை. இதை வேறெங்கோ முகர்ந்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே அடுத்த பாட்டிலைக் கழுவும்போது பிடிபட்டது. நாள் முழுக்கக் கையில் வைத்து விளையாடிய வீடியோ கேம் கருவி சாயங்காலம் இப்படித்தான் மணக்கும். கூடவே கொஞ்சம் உள்ளங்கை வியர்வையும்.

விளையாடியது பொழுதுபோக்குக்கு அல்ல. அதுதான் என் முதல் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கீழே லேத் பட்டறை, மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டில் தயாராகும் வீடியோ கேம்களைக் கடைக்கு வருமுன்பே விளையாடிப் பார்த்து, தேறுமா தேறாதா, எங்கே இடிக்கிறது என்று எழுதித் தரவேண்டும். "கணக்குல பட்டம் வாங்கிட்டு பொம்ம வெளையாடறதுக்கு சம்பளமாடி?" என்றாள் அம்மா. யாராவது கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லச் சொன்னாள். அப்படியே சொன்னேன். பொய்யில்லையே என்று எனக்குள் ஒரு தடவை சரிபார்த்தும் கொண்டேன்.

கைக்கு வந்தது ஒரு போர் விளையாட்டு. சின்னத் திரை, அதில் கட்டம் கட்டமாக நிலம். முதலில் நம் முறை: டாங்கி, பீரங்கி, சிப்பாய் என்று ஒவ்வொன்றாக நகர்த்தலாம். நாம் முடித்தால் எதிரியின் முறை. அதைக் கருவியே ஆடும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம் என்பதால் எனக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஒரு சிப்பாயை அடுத்த கட்டத்துக்கு அனுப்புமுன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பேன்.

பக்கத்து நாற்காலி டில்லிபாபுவுக்கு இதைப் பார்க்கச் சகிக்காது. மண்ணூர்பேட்டைக்காரர், என்னைவிட சீனியர், மின்னல் வேகத்தில் ஆடுவார். "இன்னா மேடம், சண்டைக்கு அனுப்புறியா, இஸ்கூலுக்கு அனுப்புறியா? டிபன் பாக்ஸ் குட்தியா?" என்பார். நான் வேப்பம்பட்டிலிருந்து மின்ரயிலில் வருகிறவள் என்பதால் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். "டெய்லி ஆவடிய தாண்டி வர்ற. ஊரே டாங்கு செய்யுது. உனக்கு ஒரு டாங்கு ஓட்டத் தெர்லியே!"

சிக்கல் கடைசிக் களத்தில் வந்தது. நடுவே ஆறு. குறுக்கே ஒரே பாலம், இரண்டே கட்டம் அகலம். அக்கரையில் இருக்கும் கொடியைப் பிடிக்க வேண்டும். யாராலும் முடியவில்லை, டில்லிபாபுவாலும்கூட. எங்கள் குழுத் தலைவர் பாஸ்கர் சார் ஒருநாள் காலை முடிவாகச் சொன்னார்: "இத ஜெயிக்கவே முடியாது. கடைசிக் களத்த தூக்கிடுங்கன்னு எழுதிடலாம். சாயங்காலம் ரிப்போர்ட் போகணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் யோசித்தேன். முடியாது என்று நாம் எழுதி, நாளைக்கு வேறு யாராவது சுலபமாக முடித்துக் காட்டினால்?

"சார், இன்னொரு தடவ பாக்கட்டுமா?" என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"நீயா? உன் வேகத்துக்கு ரிப்போர்ட் அடுத்த மாசந்தான் போகும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சாயங்காலம் வரைக்கும் பாரு. ஆனா ஒன்னும்மா. உன்ன நிரந்தரமாக்கறதப் பத்தி என்னைத்தான் கேட்டிருக்காங்க. வேகம் பத்தாதுன்னு ஏற்கெனவே பேச்சு. இன்னிக்கும் நேரத்த வீணாக்கினா நான் உனக்காகப் பேச முடியாது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தான். ஆனால் கேட்டாகிவிட்டது.

மதியம் முழுக்கத் தோற்றேன். ஒரே மாதிரித் தோல்வி. பாலம் காலியாகத் தெரியும். காலியாக இருக்கிறதே என்று இரண்டு கட்டத்தையும் அடைத்து டாங்கிகளை ஏற்றுவேன். முன்னால் போனது அடிபட்டு நிற்கும். பின்னால் வந்ததற்குப் போக வழியில்லை, அடிபட்டதற்குப் பழுது பார்க்கத் திரும்பி வரவும் வழியில்லை. அலுவலகத்தில் எல்லோரும் இப்படித்தான் தோற்றிருந்தார்கள். திரையில் மாட்டிக்கொண்டு நின்ற டாங்கிகளை வெறித்துப் பார்த்தேன். இதை இன்று காலையில்தானே பார்த்தேன்?

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எங்கள் ஊர் ரயில்வே கேட். உங்களுக்குத் தெரியாததா? கேட் மூடியதும் வண்டிகள் இடப்பக்கம் நிற்கும். அது நிறைந்ததும், எதிரே வருகிறவனுக்கான வலப்பக்கத்தையும் அடைத்து நிற்கும். அந்தப் பக்கமும் அதே கதை. கேட் தூக்கியதும் இரண்டு படைகளும் நேருக்கு நேர் நிற்க, ஒருவரும் நகர முடியாது. நான் மட்டும் ஸ்கூட்டரை இடப்பக்கத்திலேயே, முன்னால் இடம் விட்டு நிறுத்துவேன். "எம்மா, அந்த கேப்புல இன்னா கோலமா போடப்போற? நவுரும்மா!" என்று பின்னால் ஆட்டோக்காரர் கத்துவார். தினம் வாங்கும் திட்டு.

நாங்கள் அத்தனை பேரும் பாலத்தை ரயில்வே கேட் ஆக்கிவைத்திருந்தோம்!

முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு டாங்கியையும் பாலத்தில் ஏற்றவில்லை. எல்லாவற்றையும் இக்கரையில் தள்ளி நிறுத்தி, பீரங்கிகளைப் பாலத்தைப் பார்த்து வைத்தேன். முறை முடிந்தது என்று அழுத்தினேன். அடுத்த முறையும் ஒன்றும் செய்யாமல் அழுத்தினேன்.

"இன்னா மேடம், தூங்கினுகீறியா?" டில்லிபாபு எட்டிப் பார்த்தார்.

"இருங்கண்ணா. காலியா இருக்குன்னு அவங்க ஏறட்டும்."

ஏறினார்கள். கருவிக்குள் இருந்தவனும் நம்மூர்க்காரன்தான் போலிருக்கிறது. இடம் கண்டதும் இரண்டு கட்டத்தையும் அடைத்துக்கொண்டு வந்தான். முன்னால் வந்ததை அடித்தேன், நின்றது. பின்னால் வந்தவை அப்படியே மாட்டின.

"மாட்னான்டா, மாட்னான்!" டில்லிபாபு போட்ட சத்தத்தில் மற்றவர்களும் என் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பாலத்தில் வந்தவை ஒழிந்தன. அடுத்து நாங்கள் கடக்க வேண்டும். போகிற டாங்கிகளுக்கு இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் அடிபட்டுத் திரும்புகிறவற்றுக்கு, அங்கே ஒன்றையும் நிறுத்தவில்லை. அடிபட்டவை வந்தன, பழுது நீங்கி மறுபடி போயின. பேட்டரி விளக்கு சிவப்பாக மின்ன ஆரம்பித்தது. சார்ஜர் ஒயரோ லூஸ். டில்லிபாபு தரையில் உட்கார்ந்து அதைப் பிளக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். "எவனாவது ஒயர மிதிச்சீங்க, கால ஒட்ச்சிடுவேன்! நீ போம்மா, நிதானமா போ!"

நிதானமாகப் போ! அவர் வாயிலிருந்து!

கடைசியில் ஒரு சிப்பாய் கொடிக்குப் பக்கத்துக் கட்டத்தில். சரிபார்த்தேன். மறுபடி சரிபார்க்கப் போனேன். பாஸ்கர் சாரே பொறுக்க முடியாமல், "அட, அழுத்தும்மா!" என்று கத்திவிட்டார்.

அழுத்தினேன்.

நாங்கள் போட்ட கூச்சலில் கீழே பட்டறையில் மெஷினை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடிவந்தார்கள். "பாலத்த புட்ச்சிட்டோம் நைனா!" என்று டில்லிபாபு அவர்களுக்கு விளக்கம் சொன்னார். எந்தப் பாலம் என்று தெரியாமலே அவர்களும் எண்ணெய்க் கையோடு தட்டினார்கள். நான் அழுதேனா சிரித்தேனா, சரியாக நினைவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டில் 'முடியாது' என்ற வரியை பாஸ்கர் சார் அடித்துவிட்டு, "நீயே எழுதும்மா" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். 'கடினம்தான், ஆனால் நியாயமானது. இந்தக் களத்தை எடுக்க வேண்டாம்' என்று எழுதினேன். என் வேலையும் நிரந்தரமானது.

அந்த அலுவலகம் இப்போது இல்லை. மாடியில் பார்சல் கிடங்கு நடக்கிறது. அந்தக் கருவியையும் இப்போது யாரும் செய்வதில்லை, விளையாட்டைப் புதிதாக வாங்கவும் வழியில்லை. டில்லிபாபு துபாய் பக்கம் போனதாகக் கேள்வி. சோதனை அறைக்குள் செல்போன் கூடாது என்பதால் அன்றைக்கு ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. கருவிகளைத் திருப்பி அனுப்புமுன் உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும் என்பது விதி. என்னுடையதை அன்று சாயங்காலமே நானேதான் அழித்தேன். அழித்தால் திரும்பக் கிடைக்காது, பரவாயில்லையா என்று அது கேட்டது. கேஸை மூடினோமா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவள் நான். அன்று ஒரே அழுத்து. ஆறு, பாலம், கொடி எல்லாம் போய்த் திரை கறுத்தது. அதில் தெரிந்த என் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.