பால் காய்ச்சிய வீடும் இருபத்தெட்டுப் பெட்டிகளும்

வருவதென்றால் வர வேண்டும், இல்லையென்றால் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைச் செய்யத் தெரியாத மனிதர்களால் நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. அப்போது எனக்குப் பத்து வயது.

அமெரிக்காவில் இருந்த சித்தப்பா, என்றைக்காவது திரும்பி வந்தால் இருக்கட்டும் என்று பெங்களூர் வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கிப் போட்டிருந்தார். அந்த 'என்றைக்காவது' வரும்வரை அதில் குடியிருந்தவர்கள் நாங்கள். பூட்டிப் போட்டால் வீடு பாழாகிவிடும், நீங்களே இருங்கள், வாடகையெல்லாம் வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். அம்மாவுக்கு அந்தப் பெருந்தன்மை ஒருநாளும் செரிக்கவில்லை. ஐந்து வருடத்தில் ஓர் ஆணிகூட அவள் அந்தச் சுவரில் அடித்ததில்லை. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது.

அப்பாவுக்கு ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. ஊழியர்களை ஏற்றி வரும் வண்டிகள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். மாரத்தஹள்ளியில் நெரிசல் என்று போன் வந்தால் அரை நிமிடத்தில் நாற்பது வண்டிகளை வேறு பக்கம் திருப்பிவிடுவார். சொந்தத் தம்பியிடம் 'நீ எப்போதடா வருகிறாய்' என்று கேட்க மட்டும் அவருக்கு வாய் வராது.

எங்கள் குடும்பத்து வழக்கம் அப்படி. வீட்டுக்கு வந்தவரிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. வருகிறேன் என்பவரிடம், நிஜமாகவே வருகிறாயா என்றும் கேட்கக் கூடாது. அதிலும் அவர் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு அவரைக் கேட்டால், காலி செய்ய மனமில்லாமல் கேட்கிறோம் என்று ஆகிவிடுமாம். ஆகவே ஒவ்வொரு ஞாயிறு மாலையும், அவர்களுக்கு அது காலை, போனை டீப்பாய் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இட்லியையும் தோசையையும் பற்றியே பேசினோம்.

அந்த வருடம் அங்கே தேர்தல். வெளிநாட்டுக்காரர்களை இனி உள்ளே விடமாட்டோம் என்று மேடைக்கு மேடை பேச்சு. சித்தப்பாவின் விசா நீட்டிப்பு எங்கோ ஒரு மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. அவருடைய நண்பர் ஒருவர், போதும்டா சாமி என்று குடும்பத்தோடு பெங்களூருக்கே திரும்பிவிட்டார். அவர் சாமான் ஏற்றிய கன்டெய்னரில் பாதி இடம் காலி. இடம் வீணாகிறதே என்று சித்தப்பா தன் வீட்டுச் சாமானில் ஒரு பாதியை அதில் ஏற்றி அனுப்பினார். ஆட்கள் வருவதா வேண்டாமா என்பது முடிவாகவில்லை. சாமான் மட்டும் முடிவெடுத்துக் கிளம்பிவிட்டது.

கார்த்திகை மாதத்தில் இருபத்தெட்டுப் பெட்டிகள் வந்து இறங்கின. அதற்குள் தேர்தல் முடிந்து, சித்தப்பா எது நடக்கக் கூடாது என்று நினைத்தாரோ அதுவே நடந்திருந்தது. பெட்டிகளை என் அறையில் அடுக்கினார்கள். கட்டிலுக்குப் போக நான் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் சித்தப்பா போனில், "தை பொறந்ததும் வந்துடுவோம்ணா" என்றார். அது போதாதா அம்மாவுக்கு?

"பெட்டியே வந்துடுச்சு. ஆளு வந்து நின்னப்புறமா நாம வீடு தேடுவோம்?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் ஈஜிபுராவில் ஒரு வீடு கிடைத்தது. இரண்டாவது மாடி, இரண்டே அறை. என்னை நடுவருடத்தில் சேர்த்துக்கொள்ள அங்கே ஒரு பள்ளியும் சம்மதித்தது.

மார்கழியில் யாரும் வீடு மாறுவதில்லை. தையில் போய்க்கொள்ளலாம், பால் மட்டும் கார்த்திகைக்குள் காய்ச்சிவிடுவோம் என்றாள் அம்மா. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பால் காய்ச்சி, வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்து, அன்றிரவு அங்கேயே பாய் விரித்துப் படுத்தோம். பிறகுதான் வினை. பால் காய்ச்சிய வீட்டை இருட்டாகப் போடக் கூடாதாம். செவ்வாயும் வெள்ளியும் அம்மா வைட்ஃபீல்டிலிருந்து பஸ் பிடித்து ஈஜிபுரா போய், விளக்கேற்றிவிட்டு, திரும்பி வந்தாள். போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம். குடியிருக்காத வீட்டில் விளக்கு எரிந்தது. குடியிருந்த வீட்டில் பெட்டிகள் எங்களை முறைத்துக்கொண்டிருந்தன.

என் கதி அதைவிட மோசம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் வகுப்பில் எனக்குப் பிரிவுபசாரம் நடந்தது. முப்பத்தைந்து பேர் கையெழுத்துப் போட்ட அட்டை, ஒரு பேனா, மிஸ் என்னைக் கட்டிக்கொண்டு இரண்டு சொட்டுக் கண்ணீர். நானும் அழுது, எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஞாயிறே சித்தப்பா சொன்னார்: "புது பிரசிடெண்ட் வந்து உக்காரட்டும்ணா. என்ன செய்றாருன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்." அப்பா, "ஆமா ஆமா, அவசரப்படாத" என்றார். எனக்குக் கோபத்தில் காது சுட்டது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் பழைய வகுப்பிலேயே போய் உட்கார்ந்தேன். பக்கத்துப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, சாக்லேட்டைத் திருப்பித் தர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். நீ போறியா இல்லியா என்று தினமும் யாராவது கேட்டார்கள். வீட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வியை என் காது மட்டும் நாளுக்குப் பத்து முறை கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் அம்மாவோடு விளக்கேற்றப் போனேன். ஈஜிபுரா வீட்டுக்காரம்மா மாடிப்படியிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏன்மா, பால் காய்ச்சிட்டு மூட்டை முடிச்சே காணோம். வர்றியா, இல்ல வேற ஆளுக்கு விடட்டா? சும்மா சும்மா சதாய்க்காத, இழுத்தடிக்காத. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ணு சொல்லிடு."

அவருக்கு எங்கள் குடும்பத்து வழக்கம் தெரியாது. கேட்க வேண்டியதைக் கேட்டார், கேட்டது நியாயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சோபாவில் சித்தப்பாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில். பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல். அங்கே பனி விழுந்துகொண்டிருந்தது. சித்தி எங்கள் வீட்டுச் சாம்பாரை விசாரித்தாள். சித்தப்பா, "இன்னும் ஒரு ஆறு மாசம் பாக்கலாம்ணா. பெட்டிங்க ஒரு ஓரமா இருக்கட்டும்" என்றார். அப்பா 'ஆமா' என்று ஆரம்பிப்பதற்குள் அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து போன் முன்னால் உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. வர்றீங்களா, வரலியா? எதுன்னாலும் சரி. எனக்கு ஒண்ணு சொல்லுங்க."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ கைதட்ட வேண்டும் போலிருந்தது. அப்பாடா, இப்போது தெரிந்துவிடும்.

சித்தப்பா வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சித்தி மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரிடமும் ஓர் அசைவில்லை. நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். சித்தப்பாவின் மோவாய் மட்டும் லேசாக நடுங்கியது. ஜன்னலுக்கு வெளியே பனி அது பாட்டுக்கு விழுந்துகொண்டே இருந்தது. பதில் வரட்டும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அட, படம் நின்னு போச்சு," என்றாள் அம்மா. "நெட்டு போயிடுச்சு போலருக்கு. நீ போய் வைஃபைய ஆஃப் பண்ணிப் போடு."

"போகலம்மா, பனி..."

"போன்னு சொல்றேன் இல்ல!"

போய் அணைத்தேன். மறுபடி இணைப்பு வர மூன்று நிமிடம் ஆனது. திரும்ப வந்தபோது சித்தப்பா முகம் கழுவியிருந்தார். "இங்க நெட்வொர்க் சரியில்ல அண்ணி," என்றார். "இங்கயும்தான் தம்பி," என்றாள் அம்மா. சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். அவ்வளவுதான். கேட்ட கேள்வியை அவள் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு அன்றைக்கே போன் செய்து, வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். தை பிறந்ததும் நாங்கள் ஈஜிபுராவுக்குக் குடிபோனோம். பெட்டிகள் வைட்ஃபீல்டில் தனிக்குடித்தனம் நடத்தின. சித்தப்பா இன்றும் அமெரிக்காவில்தான் இருக்கிறார், போன மாதம்கூட ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். எனக்கு இரண்டாவது பிரிவுபசாரம் நடக்கவில்லை. ஒருவருக்கு ஒரு முறைதான் என்று மிஸ் சொல்லிவிட்டார்.

அன்று எனக்கு அம்மா மேல்தான் கோபம். ஒரு மாதம் பஸ்ஸில் அலைந்து, கடைசியில் கேட்கவும் கேட்டு, பதில் வருகிற நேரத்தில் அவளே கெடுத்துவிட்டாளே! அவ்வளவு பெரிய ஜன்னலில் பனி விழுவது எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லையா? யோசித்து யோசித்துப் பார்த்து, மறுநாள் காலை அப்பாவிடம் போய் ரகசியமாகச் சொன்னேன், அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, சீக்கிரம் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள் என்று.