மல்டி டூலை விரிக்க சார் வரவேண்டுமாம்

நேற்று வாங்கிய மல்டி டூல். கட்டிங் பிளேயர், கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அதற்குள் மடங்கியிருக்கும். கைப்பிடிகள்தான் விரியவே மாட்டேன் என்றன.

இன்று அதை வாங்கிய ராபர்ட்சன்பேட்டை ஹார்ட்வேர் கடைக்கே போய் மெஷின் ஆயில் கேட்டேன்.

"தையல் மிஷினுக்கா மேடம்?"

"இல்லைங்க, இதுக்கு."

கடைக்காரர் வாங்கி விரிக்கப் பார்த்தார். மூச்சு வாங்கியதே தவிர பிடி அசையவில்லை.

"லேடீஸ் கைக்கு இதெல்லாம் வராது மேடம். சாரை அனுப்புங்க, வேற எதனா மாத்திக் குடுக்கறேன்."

அவர் கைக்கும்தான் வரவில்லை. மாற்ற வேண்டாம் என்று சொல்லி ஆயிலை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு மூட்டுகளிலும் ஒவ்வொரு சொட்டாக விட்டு, கல்லாவுக்கு எதிரிலேயே நின்று விரித்து மடக்கத் தொடங்கினேன்.

ஆணி வாங்க வந்தவர் கேட்டார்: "இன்னா மேடம், ஒரு ஷிஃப்ட் முழுக்க இங்கதானா?"

"ஆமாங்க. நீங்க வாங்கிட்டுப் போங்க."

கட்டைவிரல் எரிந்தது. மூட்டிலிருந்து கறுப்பாக எண்ணெய் கசிந்தது. துடைத்துவிட்டு மறுபடி மடக்கினேன். கடைசியில் பிடிகள் இரண்டும் சுலபமாக விரிந்தன.

கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆயில் போட்டா யாருக்கும்தான் வரும்."

அந்த 'யாருக்கும்' என்பதில் என்னையும் சேர்த்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் ஊர்க் கடைகளில் இன்னும் சாரைத்தான் கேட்கிறார்களா?