மர்ளியா தட்டிய மட்டம்

தில்லையடியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் மர்ளியாவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் நாற்பதையாவது முகஞ்சுளித்தே கழித்திருப்பாள். கோணலாக ஒட்டிய முத்திரை, கரை மடங்கிய விண்ணப்பம், ஒரு பக்கம் இறங்கிய பெயர்ப்பலகை, எதைக் கண்டாலும் அவளுக்குக் குமட்டும். "சீ" என்பாள். கொப்பி எடுக்க வந்த மனிதர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வார். நாக்கில் கடிவாளம் இல்லாத பிறவி என்று ஊர் சொல்லும். ஊர்க் கதையில் பாதிக்கு மேல் பொய்தான், ஆனால் இது மெய்.

அவள் வாப்பா களப்போரம் உப்புச் செய்தவர். பிள்ளைகள் இரண்டையும் பாத்திக்குள் இறக்கி மிதிக்க விடுவார். அடித்தரையில் ஒரு விரல் மேடு நின்றாலும் அங்கே உப்புப் படியாது, ஒரு விரல் பள்ளம் கிடந்தாலும் சேறு கலந்து கறுத்துவிடும். மட்டம் பிசகினால் வாப்பாவின் கை முதுகில் விழும். அந்த அடியில் தம்பி நளீமுக்கு ஒன்றும் ஏறவில்லை. மர்ளியாவுக்குக் கண்ணுக்குள்ளேயே மட்டப்பலகை ஏறிவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன்னால் நளீம் கல்யாணம் முடித்து முந்தலில் குடிபோனான். பெண் வீட்டார் கட்டிக் கொடுத்த வீடு. குடிபுகுந்த அன்று ஆலிம்சா துஆ ஓதி முடித்து, சம்பந்திமார் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், சோற்றுக்குப் பிழிய மர்ளியா கையில் வைத்திருந்த தேசிக்காய் ஒன்று தவறி விழுந்தது. விழுந்த காய் சும்மா கிடந்திருக்கலாம். அது மண்டபத்தில் புறப்பட்டு, அடுப்பெரியும் குசினி வரைக்கும் தானாக உருண்டு போனது. அத்தனை பேருக்கும் கேட்க மர்ளியா சொன்னாள்: "சீ, இதுவும் ஒரு தரையா? எங்கட வாப்பாட உப்புப் பாத்தி இதை விட மட்டம்."

நுணலும் தன் வாயால் கெடும். நளீமின் மாமனார் சோற்றில் கை கழுவிவிட்டு எழும்பிப் போனார். நளீம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பேசாதவன் பிறகும் பேசவில்லை. பெருநாளைக்கு மட்டும் 'ஈத் முபாரக்' என்று ஒரு படம் வரும், அதுவும் நூறு பேருக்கு அனுப்பிய படம். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பிறகு அவளுக்கு மிஞ்சிய ஒரே இரத்தம் அவன்தான். பிடிவாதக்காரி, அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைக் கதிரையில் இருந்து அவனுடைய முகநூல் பக்கத்தைப் பார்ப்பதோடு சரி.

அங்கேதான் அந்தக் கம்பியூட்டர் விளையாட்டைக் கண்டாள். ஆளில்லாத் தீவு ஒன்றில் கொண்டுபோய்ப் போடுவார்கள். மரம் வெட்டி, வீடு கட்டி, பசிக்கும் மிருகத்துக்கும் தப்பி உயிரோடு கிடக்க வேண்டும். நளீம் உட்பட ஏழு பேர் ஒன்றாகச் சேர்ந்து அப்படி ஒரு தீவில் குடியிருந்தார்கள். லுஹர் தொழுகை முடிந்து கடைகள் சோர்ந்து கிடக்கும் நேரத்தில், தன் போன் திருத்தும் கடையில் இருந்தபடி நளீம் விளையாடுவான். மர்ளியாவும் தன் கடைக் கம்பியூட்டரில் அதை ஏற்றி, காதில் ஹெட்செட்டை மாட்டி, உள்ளே விடும்படி கேட்டாள்.

அந்தத் தீவுக்குத் தலைவன் கற்பிட்டி இஸ்ஹாக். "நளீம்ட ராத்தாவா? ஆக்கள மட்டந்தட்டுற அந்த ராத்தாவா?" என்று கேட்டுச் சிரித்தான். நளீம் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கொஞ்சம் பொறுத்து நளீமின் குரல் வந்தது.

"வாங்க ராத்தா."

நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். அந்த ஒரு சொல்லுக்காக இந்தத் தீவில் நாக்கைக் கடித்துக்கொண்டே காலந்தள்ளுவது என்று மர்ளியா முடிவெடுத்தாள்.

முடிவெடுப்பது லேசு. நளீம் அங்கே ஒரு வீடு கட்டியிருந்தானே, அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மலைச்சரிவில் வீடு. முன்னிரண்டு மூலையும் அந்தரத்தில் தொங்கின. கீழே காட்டுப்பன்றி இரண்டு சுகமாகப் படுத்திருந்தன. பின்பக்கம் மலை தரைப்பலகையைப் பொத்துக்கொண்டு உள்ளே ஏறி, குசினிக்கு நடுவே புல் முளைத்துக் கிடந்தது. வாசற்படிக்கும் நிலத்துக்கும் இடையில் ஓர் ஆள் உயரம். வருகிறவன் ஏறுவதா பறப்பதா என்று கட்டினவனுக்கே தெரியாது. வாய் வரை வந்த "சீ"யை மர்ளியா விழுங்கினாள்.

"எப்பிடி ராத்தா வீடு?" என்றான் நளீம்.

"வடிவா இரிக்கு தம்பி."

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. எழும்பிப் போய் நிஜமாகவே தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அவளுக்கு இஸ்ஹாக் கொடுத்தது விறகு பொறுக்கும் வேலை. பொறுக்கினாள். ஆனால் காலையில், தீவில் எவரும் இல்லாத நேரத்தில், மண்வெட்டியோடு நளீமின் வீட்டுக்குப் போனாள். அந்த விளையாட்டில் ஒருவர் எந்த உயரத்தில் நின்று வெட்டுகிறாரோ, சுற்றியுள்ள மண் அந்த உயரத்துக்கு வரும். அதனால் முதலில் நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும், பிறகுதான் கை. அது தெரியாத மூடர்கள் மேட்டில் நின்று வெட்டி மேட்டையே பெருக்குவார்கள். மர்ளியா மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் நாளுக்கு ஒரு முழம் என்று, மலையை இறக்கினாள், பள்ளத்தை ஏற்றினாள், பன்றிகளைத் துரத்தினாள். குசினிப் புல் போனது. வாசற்படி நிலத்தைத் தொட்டது. கடைசியில் சுற்றிவர ஒரு வரம்பும் போட்டு, நான்கு மூலையையும் மிதித்து இறுக்கினாள்.

நளீம் கண்டும் ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் அவன்தான் செய்தான் என்று நினைத்து, ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். வீடு இவ்வளவு ஒழுங்காக நிற்கிறதென்று, எட்டுப் பேருடைய விதையையும் காய்ந்த இறைச்சியையும் இஸ்ஹாக் அதன் கீழறையில் கொண்டுபோய் அடுக்கினான்.

பிறகு அந்த விளையாட்டில் மாரிகாலம் என்று ஒரு புதிய சேர்க்கை வந்தது. மழை பெய்தால் தண்ணீர் இனி பள்ளத்தில் தேங்கும்.

வீட்டுக்கு மண் போடுகிற எவரும் தண்ணீர் வெளியே ஓட ஒரு சரிவு விடுவார்கள். அது கைக்குழந்தைக்கும் தெரியும். உப்புக்காரருக்கு மட்டும் தெரியாது. உள்ளே வந்த தண்ணீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் வெயிலில் காய வைப்பதல்லவா அவர்களுடைய தொழில். மர்ளியா கட்டி முடித்தது வீட்டு முற்றமல்ல, உப்புப் பாத்தி. அவள் வாப்பா கண்டிருந்தால் மெச்சியிருப்பார். முதல் மழை கொட்டிய அடுத்த நாள் மதியம் தீவுக்குள் போனபோது வீடு ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. எட்டுப் பேருடைய சாப்பாடும் அழுகி மிதந்தது.

"யாரு கட்டின இந்த வரம்ப?" இஸ்ஹாக்கின் குரல் காதைக் கிழித்தது. "யாரு கட்டினானோ அவன் இண்டைக்கே தீவ விட்டுப் போகணும். உப்பத் திண்டவன் தண்ணி குடிக்கணும்."

மர்ளியா வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. சொன்னால் வெளியே போட்டுவிடுவான். போட்டால் தம்பியின் குரல் இல்லை. ஒரு மூச்சு போனது. இரண்டாவது மூச்சும் போனது. பேசக்கூடாத இடமெல்லாம் பேசிக் கெட்டவள், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் கெட்டாள்.

"நான்தான்," என்றான் நளீம்.

அடுத்த நிமிடம் திரையில் எழுத்து விழுந்தது: நளீம் நீக்கப்பட்டார்.

"அவன் இல்ல, நான்," என்றாள் மர்ளியா. "மூணு கிழமையா நான்தான் வெட்டின. வரம்பும் நான்தான்."

சிலாபத்து றொகான் சிரித்தான். "ஐயோ அக்கே, தம்பிக்காகப் பொய் சொல்லாதீங்க."

"விறகு பொறுக்கத் தெரிஞ்ச ஆளுக்கு இவ்வளவு துல்லியமா மட்டம் பிடிக்க ஏலுமா?" என்றான் இஸ்ஹாக். "நீங்க இரிங்க ராத்தா. உங்கள ஆரும் ஒண்டும் சொல்லல்ல."

இருக்கச் சொல்கிறான். மர்ளியாவுக்கு அந்தத் தண்ணீர், மிதந்த இறைச்சி, தன் கையால் இறுக்கிய அந்த நான்கு மூலை எல்லாம் ஒன்றாகக் குமட்டின. அதை விடத் தன்மேலேயே குமட்டியது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டாள். போனை எடுத்து, நான்கு வருடமாக அழுத்தாத இலக்கத்தை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"என்னத்துக்குடா பொய் சொன்னாய்?"

"நீங்க என்னத்துக்குச் சொன்ன?"

"நான் என்ன பொய் சொன்னேன்?"

"வடிவா இரிக்குன்டு." என்றான் நளீம். "அண்டைக்கு நான் பயந்துட்டேன் ராத்தா. வேற யாரோ உங்கட பேர்ல வந்திரிக்கிற என்டு நெனச்சேன். பொறகு மண் இறங்கத் தொடங்கின நேரந்தான் நீங்கதான் என்டு தெரிஞ்ச. ஒவ்வொரு நாளும் பாத்தேன், இண்டைக்கு ஏசுவீங்க, இண்டைக்கு ஏசுவீங்க என்டு. ஒரு சொல்லும் சொல்லல்லயே நீங்க. என்னய அவ்வளவு அந்நியமாக்கிட்டீங்களா?"

வாசலில் ஒரு மனிதர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார். பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"மெய்யச் சொல்லுங்க," என்றான் நளீம். "எப்பிடி இருந்திச்சு அந்த வீடு?"

"அருவருப்பா இருந்திச்சு. முன்னுக்கு ரெண்டு மூலையும் காத்துல தொங்கிச்சு. அடியில பண்டி படுத்திரிக்கி, மேல நீ சோறாக்கிற. குசினிக்குள்ள புல்லு. அந்தப் படிய வெச்ச கைய ஒடைக்கணும். மனிசன் குடியிருக்கிற எடமா அது? சீ."

மறுபக்கத்தில் அவன் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"இன்னுஞ் சொல்லுங்க ராத்தா," என்றான்.