கிறுக்கல் கடுதாசியும் கோடி வேட்டியும்

என் மனைவிக்கு எழுதத் தெரியாது. ஆனால் அவளைப் போல நீளமாகக் கடிதம் எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவள் எழுதிய கடிதத்தால் எனக்கே ஒருமுறை கோடி வேட்டி வந்தது என்றால் என்ன செய்வார்களோ.

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் தபால்காரன். காலையில் ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு டவுனுக்கு இறங்குவேன். தபால் கந்தோரில் அதைக் கொடுத்துவிட்டு, வந்த தபால்களோடு மலையேறுவேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவன் என்பதால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் கடிதம் எழுதவும், வந்ததைப் படித்துக் காட்டவும் என்னிடம்தான் வரும். கொஞ்சம் தலைக்கனம் இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

கல்யாணமாகி அவள் கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து வந்தாள். தாய் தகப்பன் இல்லை. ஒரே அக்காள், அவளும் அங்கேயே ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வந்த புதிதில் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்காவுக்கு ஒரு கடுதாசி போடணுங்க."

இதற்குத்தானே நான் பிறந்திருக்கிறேன்? பென்சிலைச் சீவி உட்கார்ந்தேன். இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கி, மழை, மாரியம்மன், கொழுந்து நிலவரம் எல்லாம் போட்டு இரண்டு பக்கம் நிரப்பிப் படித்துக் காட்டினேன். மூக்கைச் சிந்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னது எங்க?" என்றாள்.

"நீ எங்க சொன்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு தாளை எடுத்துக் குப்புறப் படுத்து எழுதினாள். எழுதினாள் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டிப் பார்த்தால் ஓர் எழுத்துகூட இல்லை. வளையம், சுழி, கொக்கி, இழுத்துவிட்ட கோடு, நடுவில் புள்ளிகள். ஆனால் வரிவரியாக, இடமிருந்து வலமாக, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, யோசித்து, தனக்குள் சிரித்து, மறுபடி எழுதினாள். இரண்டு பக்கமும் நிரம்பியது.

"என்னா புள்ள இது?"

"கடுதாசி."

"இதுல என்னா எழுதியிருக்க?"

"அது அக்காவுக்கு."

விலாசம் மட்டும் நான் எழுதினேன். அந்தம்மா இதைப் பார்த்துத் தங்கச்சிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஓடி வரப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. அதுவும் கிறுக்கல். அக்காளுக்கும் எழுதத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இவள் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து, விரலை வரிமேல் ஓட்டி, சத்தமில்லாமல் படித்தாள். ஓர் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஓர் இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஊருக்கே கடிதம் படிக்கிற நான் அவள் முதுகுக்குப் பின்னால் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பொறாமை. வேறு என்ன? அவள் இல்லாத நேரம் பார்த்துத் தாளை எடுத்துச் சன்னலோரம் பிடித்து ஆராய்ச்சி செய்தேன். வால் வைத்த ஒரு வளையம் அடிக்கடி வந்தது. அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து அவளிடமே கேட்டேன்.

"பார்க்கிறதெல்லாம் நீங்களாத்தான் தெரியும் ஒங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

நாளாக ஆக அது வளர்ந்தது. அவளோடு கொழுந்தெடுக்கிற பெண்களும் ஆளுக்கு இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்துப் பெண்களும் பதிலுக்குக் கிறுக்கினார்கள். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். ஒரு கடிதத்தில் வரிகளெல்லாம் தேயிலை நிரைகளைப் போல மேட்டில் ஏறி இறங்கின. இன்னொன்றில் எல்லா வரியும் சாய்வாக மழையாகவே கொட்டியது. பொங்கலுக்குப் போனதில் வரிகள் பானை வடிவத்தில் வளைந்து மேலே பொங்கி வழிந்தன. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தாள். நல்ல சேதி என்றால் மூலையில் மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம். கெட்ட சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு. இழவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டோம். வாசலிலேயே பிரித்துப் பார்த்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவோம். இது எழுதத் தெரியாதவர்களுக்கும் தெரியும்.

இவ்வளவு விவரமாகச் சொல்கிற நான்தான் அந்த வேலையைச் செய்தேன்.

ஆடி மாதத்து அடைமழை. அவள் கொடுத்த கடிதத்தைக் காலையில் பையில் போட மறந்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே டவுனுக்குப் போய்த் திரும்பியிருந்தேன். ஊறிப்போயிருந்தது. தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவள் மலையிலிருந்து வருவதற்குள் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டேன். தொங்கவிட்டு ஒரு கண் அசந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் உறை, தாள் இரண்டிலும் நாலு ஓரமும் கருகல். நடுவில் கிறுக்கல் பத்திரமாக இருந்தது. தாள் மிஞ்சியதே பெரிய காரியம் என்று மாரியாத்தாளுக்கு நன்றி சொல்லி, மறுநாள் முதல் வேலையாகத் தபாலில் சேர்த்தேன். கருகல் வேறு, கறுப்பு வேறு என்று என் அஞ்சாவதுப் படிப்பு நினைத்திருக்கிறது.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம். பனி மூட்டம் என்றால் அப்படி ஒரு மூட்டம், கைக்கெட்டும் தூரம் தெரியவில்லை. தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பையோடு மலையேறி வந்துகொண்டிருந்தேன். தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் ஒரு லொறி நின்றது. தலையை விரித்துப் போட்ட பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தப்பு மேளத்தைத் தோளில் மாட்டியிருந்தார். இன்னொருவர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, சாவு வீடு எந்த லயம்?"

"யாருங்க செத்தது?"

"என் சகலை. இந்தத் தோட்டத்துத் தபால்காரரு."

சகலை என்றதும் தெரிந்துவிட்டது, என் மனைவியின் அக்காள் புருஷன்தான். அவர் கையில் மடிப்புக் கலையாத புது வேட்டி, எனக்குப் போர்த்துகிற கோடி. ஒரு நிமிடம் நிஜமாகவே, ஐயோ பாவம், நல்ல வயசாச்சே என்று என்மேலேயே இரக்கம் வந்தது. நான்தான் அது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பெருமூச்சு விட்டார்.

"நல்ல மனுசன் தம்பி. வாய்க்கொழுப்பு சாஸ்தி. ஆனா நல்ல மனுசன்."

இன்னும் என்ன சொல்வார் என்று கேட்க ஆசை வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். "வாங்க, காட்டுறேன்" என்று கம்பளியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். ஏற்றம் முழுக்க என் குணநலன்கள் வந்தன. படிச்சவன் என்கிற திமிர் இருந்தாலும் ஒருத்தனுக்கும் கெடுதல் நினைக்கமாட்டானாம். கல்யாணத்தில் மூன்று தடவை சோறு வாங்கினானாம். அதை எதற்கு இப்போது?

லயத்தை நெருங்கியதும் தப்பு அதிர்ந்தது. ஒப்பாரி கிளம்பியது. சத்தம் கேட்டு எல்லா வாசலிலும் சனம். என் மனைவியும் ஓடிவந்தாள். தலைவிரி கோலமாக அக்காளைப் பார்த்ததும், அங்கே யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து அலறிக்கொண்டு போய்க் கட்டிப்பிடித்தாள். "ஐயோ, ஒனக்கா இந்தக் கதி!" என்று இவள் அழ, "ஐயோ, ஒனக்கா இந்தக் கதி!" என்று அவள் அழ, இரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி இல்லாத சாவுக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். எங்கள் லயத்துப் பெண்களும் சும்மா நிற்பது மரியாதையில்லை என்று சேர்ந்துகொண்டார்கள்.

இதற்கு மேல் தாங்காது என்று கம்பளியை எடுத்தேன்.

தப்பு நின்றது. சகலை என்னைப் பார்த்தார். கையிலிருந்த வேட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகத்தில் சந்தோசத்தைத் தேடினேன், சத்தியமாகக் கிடைக்கவில்லை.

பால் விடாத சாயத்தண்ணி கொடுத்து எல்லாரையும் உட்கார வைத்த பிறகு விசாரணை நடந்தது. அவர்கள் தோட்டத்துத் தபால்காரர் கறுப்பு ஓரத்தைப் பார்த்ததும் உறையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாராம். சகலை வாசலிலேயே பிரித்தார். கிறுக்கல். கிறுக்கினால் அது கொழுந்தியாள்தான். அப்படியென்றால் அவள் உயிரோடு இருக்கிறாள். அந்த வீட்டில் மிச்சம் ஒருத்தன்தான். கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார். கிழித்துப் போட்டுவிட்டு லொறி பார்க்கப் போய்விட்டார்.

"வெலாசம் என் கையெழுத்தாச்சே! செத்தவன் எப்பிடி எழுதுவான்?" என்றேன்.

"ஒங் கையெழுத்த எவன் கண்டான்?" என்றார் அவர்.

அக்காள் மூலையிலிருந்து மூக்கை உறிஞ்சினாள். "தம்பி தப்பா நெனைக்காதீங்க. வழியெல்லாம் நான் அழுதது ஒங்களுக்கு இல்ல. நான் படிக்கிறதுக்கு முன்னாடி கடுதாசியக் கிழிச்சிட்டாரே, அதுக்குத்தான்."

"நான் கறுப்பு வைக்கலியே, ஓரம் எப்பிடிக் கறுத்துச்சு?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள். எல்லாரும் அடுப்பைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

கருக்கியவன் நான். ஆனால் தண்டனை அவர்களுக்கு. சகலை எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். இவ்வளவு சனம் வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறது. ஒழுங்காக எழுத்தில் இருந்திருந்தால் யாரையாவது கேட்டுப் படித்திருக்கலாமே? இனிமேல் இந்தக் கிறுக்கல் வேலை கூடாது. இங்கே நான் எழுத வேண்டும், அங்கே கணக்கப்பிள்ளை எழுதுவார். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. நானும் தலையாட்டினேன். அக்காளும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வேட்டி மட்டும் பாக்கி. பிணத்துக்கு என்று வாங்கிய கோடியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எனக்கென்று வாங்கியதுதானே, கொடுங்கள் என்று கையை நீட்டினேன். அதை வீட்டுப் படி ஏற்றவே கூடாது என்று என் மனைவி கத்தினாள். கடைசியில் அது கோழிக்கூட்டுக்கு மேலே ஏறியது.

அதன் பிறகு நான்தான் எழுதினேன். அழகான கடிதங்கள். "வேற என்னா எழுத?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்லங்க" என்பாள். அங்கிருந்து கணக்கப்பிள்ளை கையால் வரும்: இவ்விடம் யாவரும் சுகம். படித்துக் காட்டுவேன். "சரி" என்று சொல்லி உலையில் அரிசி போடுவாள். கொழுந்துப் பெண்கள் என் பையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். சோற்றில் உப்பு இருந்தது, வீட்டில் சண்டை இல்லை, ஆனால் அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்து மாதக்கணக்காகிவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு முன் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அதே ஆள்தான், என்ன செய்ய?

ஒருநாள் கடிதம் எழுத உட்கார்ந்து நாலு வரியோடு நிறுத்தினேன். இவ்விடம் யாவரும் சுகம், யாரும் சாகவில்லை, நானும் சாகவில்லை. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டேன். தாளையும் பென்சிலையும் அவள் பக்கம் தள்ளினேன்.

"மேல நாலு வரி ஒங்க அத்தானுக்கு. கீழ மிச்சம் ஒனக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குப்புறப் படுத்தாள். தாள் போதவில்லை. இன்னொரு தாளும் எடுத்தாள். மறுநாள் மலைக்கும் கொண்டுபோய்விட்டாள். திரும்பி வந்தபோது நாலு தாளாகியிருந்தது.

பதில் வரும் வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை. சகலை கிழித்துப் போட்டாரோ, லொறி பிடித்தாரோ என்று தினம் தினம் பையைக் கொட்டிப் பார்த்தேன். வந்தது. உறை தடித்துப்போயிருந்தது. மேலே கணக்கப்பிள்ளையின் நாலு வரி. கீழே கோடு. கோட்டுக்குக் கீழே அக்காளின் கிறுக்கல், மழை மாதிரி கொட்டியிருந்தது. என் மனைவி விரலை ஓட்டினாள். சிரித்தாள். அழுதாள். திரும்பச் சிரித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசித் தாளின் அடியில் அவள் விரல் நின்றது. அங்கே ஒரு தனிக் கிறுக்கல். அக்காளுடையது இல்லை. தாள் கிழியுமளவுக்கு அழுத்தி, முரட்டுக் கோணலாக, ஒன்றரை வரி.

"இது அத்தான் கை," என்றாள். "எனக்கில்ல. ஒங்களுக்கு."

"என்னா எழுதியிருக்காரு?"

"ஒங்களுக்கு வந்தத நீங்கதான் படிக்கணும்."

தாளை வாங்கினேன். சன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சத்தம்போட்டே படித்தேன். "சகலை, அந்த வேட்டிய ஒருக்கா கட்டித்தான் பாரேன்."

"அப்பிடியா போட்டிருக்கு?"

"அப்பிடியேதான் போட்டிருக்கு."

பென்சிலை எடுத்து, ஒரு புதுத் தாளில், அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். வளையம், கொக்கி, ஒரு நீளக் கோடு. முதல் வரியில் கை கூசியது. அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. பக்கம் திருப்பினேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டு நீளமா என்னா எழுதுறீங்க?"

"அது சகலைக்கு," என்றேன்.