மகளின் முதல் ஆர்டரும் என் கோடாலியும்

இன்று காலை வெந்நீர் போட, கொல்லையில் கிடந்த பலகையை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை அடுப்பில் வைத்தேன்.

துறைமுகத்தில் சரக்கு அடுக்கிக் கழித்துப்போட்ட பேலட் கட்டைதான். ஆனால் அந்தக் கட்டைகளில்தான் மகள் தன் முதல் ஆர்டருக்குப் புத்தக அலமாரி செய்துகொண்டிருக்கிறாள்.

"இன்னா நைனா, மேல்பலகைய எரிச்சிட்டியா? சாயங்காலம் எடுக்க வராங்களே!"

கோடாலியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

முறைத்தாள். பிறகு மிஞ்சிய பாதியை எடுத்து, பிளந்த ஓரத்தைக் கடல் அலைபோல இழைத்து, எண்ணெய் பூசிப் பொருத்தினாள். பெரிய கடைகளில்கூட இப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை.

மாலையில் ஆர்டர் கொடுத்த டீச்சரம்மா வந்து தடவிப் பார்த்தார். "அலை டிசைன் ஷோக்கா கீதும்மா! யார் ஐடியா?"

"எங்க நைனாதான்," என்றாள் மகள்.

பெருமையாகத் தலையாட்டினேன். டிசைனின் மறுபாதியில் காலையில் வெந்நீர் போட்டுக் குளித்ததை மட்டும் சொல்லவில்லை.