மருதாசலம் நாய் வளர்த்த ஆறு மாதம்

புதுச்சத்திரத்துக்கு மேற்கே தோட்டம் வைத்திருந்த மருதாசலத்துக்கு 1983இல் ஒரு குறையும் இல்லை. இரண்டு கிணற்றிலும் தண்ணீர். பண்ணையில் ஆயிரம் கோழி. மனைவி வள்ளியாத்தாள், எட்டு வயது மகள் பாவாயி, மூன்று வயது மகன் செங்கோடன். இவ்வளவு இருந்தும் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி தங்கசாமி ஒரு அல்சேஷன் நாய் வாங்கிக் கட்டியிருந்தார். வருகிறவன் போகிறவனெல்லாம் வேலியோரம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

"நாங் கெடந்து ஆயிரம் கோழி வளக்கறேன், ஒருத்தனும் என்னன்னு கேக்க மாட்டேங்கறான். அவன் ஒத்த நாய வெச்சுட்டு ஊரையே திரும்பிப் பாக்க வெச்சுட்டான்" என்று மருதாசலம் பொருமினார்.

"காவலுக்குன்னா நாட்டு நாயி ஒண்ணு பத்தாதுங்களா?" என்று கேட்டாள் வள்ளியாத்தாள்.

"நாட்டு நாயி எவன் ஊட்லதான் இல்ல?" என்றார். அவர் வீட்டில் இல்லை. அந்த வீட்டில் அதுவரை நாய் என்று ஒன்று வளர்ந்ததே கிடையாது. அதை யார் அவரிடம் சொல்வது?

மேட்டூரில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த அற்புதராஜ் ஓய்வு பெற்றுச் சேலத்துக்குக் குடி மாறுகிறார், அவரிடம் இரண்டு வயது டாபர்மேன் ஒன்று இருக்கிறது என்று காதில் விழுந்தது. தை மாதத்தில் ஒரு நாள் கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மருதாசலம் பஸ் ஏறினார். பெண் பார்க்கப் போன அன்றுகூட அவர் அத்தனை விறைப்பாகப் போகவில்லை.

அற்புதராஜ் விலை பேசவில்லை, கேள்வி கேட்டார். "இதுக்கு முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா சார்?"

"இல்லீங்க."

"வீட்ல சின்னப் பிள்ளைங்க?"

"ரெண்டு இருக்குதுங்க."

"அப்ப வேண்டாம் சார். ரெக்ஸ் நல்லவன்தான், ஆனா பிடிவாதக்காரன். தினம் காலைல ஒரு மணி நேரம் அவன்கூட நடக்கணும். சொன்னா கேக்கப் பழக்கணும். பிள்ளைங்களுக்கும் அவன்கிட்ட எப்படி நடந்துக்கணும்னு சொல்லித் தரணும். முதல் தடவையா வளர்க்கிற வீட்டுக்கு இவன் ஒத்து வர மாட்டான்."

மருதாசலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. எட்டு உருப்படி மாடு கட்டி ஆள்கிறவரைப் பார்த்து ஒரு நாய்க்கு லாயக்கில்லை என்கிறாரே! "ஏனுங்க, காளைக்கு மூக்கணாங்கயிறு போட்ட கையிங்க இது. நாயி என்னுங்க பண்ணிப்போடும்?" என்று கையை நீட்டிக் காட்டினார். அற்புதராஜுக்கு முழங்கால் வலி. சேலத்து வீடும் சிறியது. அரை மனதாகச் சம்மதித்து, "ஒத்து வரலைன்னா ஒரு கார்டு போடுங்க, நானே வந்து கூட்டிக்கிறேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை மருதாசலம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஊரே கூடி வந்து பார்த்தது. பண்ணையில் முட்டை பொறுக்குகிற ராமாயி நாயைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வால் எங்கீங்க? அறுத்துப்போட்டா வித்தாங்க?" என்று கேட்டாள். "அது அப்படித்தான். சாதி நாயி" என்று மருதாசலம் அதட்டினார். தங்கசாமியின் அல்சேஷனுக்கு வால் இருந்தது என்பதை அவர் அன்று முதல் ஒரு குறையாகவே பேசினார்.

மறுநாள் காலை நடக்கக் கிளம்பினார்கள். நடந்தது எங்கே, ரெக்ஸ் இழுத்தது, இவர் ஒரு கையில் வேட்டியையும் ஒரு கையில் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். டீக்கடையில் இருந்த மணியன், "ஏனுங்க மாமா, நாயி உங்களய எங்க கூட்டிட்டுப் போவுது?" என்று கேட்டான். கடையே சிரித்தது. அத்தோடு நடை நின்றது. நாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினால் நாளைக்கு எந்தச் சபையில் மனுஷன் உட்காருவது?

அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாடு. மாட்டைக் கட்டிப்போடு, நேரத்துக்குத் தீனி போடு, அடங்கிக் கிடக்கும். நாயையும் அப்படியே கோழிக் கொட்டகை வாசலில் காளைச் சங்கிலியில் கட்டினார். ஆயிரம் கோழியில் தினம் ஒன்றிரண்டு சாகும். புதைப்பதற்குப் பதிலாக நாய்க்குப் போட்டால் தீனிச் செலவும் மிச்சம் என்று ஒரு மகா யோசனை அவருக்குத் தோன்றியது. கூண்டிலிருந்து செத்த கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிவந்து ரெக்ஸ் முன்னால் வீசுகிற வேலை பாவாயிக்கு.

கோழிக்குக் காவல் வைத்த நாய்க்குக் கோழியையே தின்னப் பழக்கின புத்திசாலியை நீங்கள் வேறு எங்கே பார்க்க முடியும்?

மாசிக் கடைசியில் ஒரு காலை. கூண்டில் ஒரு கோழி சாகவில்லை, துவண்டு போய்க் கிடந்தது. பாவாயிக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவிடம் காட்டலாம் என்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரெக்ஸுக்கு அது தன் பங்கு. பாய்ந்து பிடித்தது. பாவாயி விடவில்லை, இழுத்தாள். அடுத்த பிடி அவள் முன்னங்கையில் விழுந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள், பதினாலு நாள். ஒவ்வொரு நாளும் பிள்ளை பஸ்ஸிலேயே அழ ஆரம்பித்துவிடுவாள். வள்ளியாத்தாள், "இந்தச் சனியன இன்னைக்கே கொண்டு போய் உட்டுட்டு வாங்க" என்றாள்.

"சாதி நாய்க்கு வெறி கிறியெல்லாம் கெடையாது. இவள எவன் உசுரோட கோழியத் தூக்கிட்டுப் போகச் சொன்னது? அது என்ன பண்ணும், வாயில்லாத சீவன்!" என்றார் மருதாசலம். கடித்தது வாய்தான் என்று சொல்ல வள்ளியாத்தாளுக்குத் தெம்பில்லை.

ஆனாலும் அவருக்குள் பயம் இருந்தது. இருந்ததா, இருந்தது. செங்கோடன் தத்தித் தத்திக் கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாயைத் திருப்பிக் கொடுத்தாலோ தங்கசாமி சிரிப்பார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். முழுப் பரீட்சை லீவு விட்டதும் பிள்ளைகளையும் வள்ளியாத்தாளையும் வெண்ணந்தூரில் மாமியார் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார்.

"பத்து நாள் இருந்துட்டு வாங்க சாமி. அதுக்குள்ள நாயப் பழக்கிப்போடறேன்" என்று மகளிடம் சொன்னார்.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் வந்தது. மருதாசலம் வெண்ணந்தூருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: பாவாயியை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள், நாய் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அடேயப்பா, என்ன ஒரு தகப்பன்!

முரண்டு கொஞ்சமா? ஆனி பிறந்ததும் ரெக்ஸ் சங்கிலியை அறுத்துக்கொண்டது. வாசல் அதனுடையது என்றாகிவிட்டது. மருதாசலம் உட்காரச் சொல்லி இங்கிலீஷில் "சிட்! சிட்!" என்று கத்துவார். அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவருடைய கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். ராமாயி வேலைக்கு வருவதை நிறுத்தினாள். முட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் வேலுசாமி கேட்டுக்கு வெளியே நின்று ஆரன் அடித்தான். ரெக்ஸ் டயர் வரைக்கும் வந்து அவனைப் பார்த்து உறுமிவிட்டுப் போயிற்று.

"நாயி இருக்கற வரைக்கும் வண்டி உள்ள வராதுங்க" என்று சொல்லி அவன் லாரியைத் திருப்பினான். அடுத்த நடைக்கும் அதே கதை. வெயிலில் அட்டை அட்டையாய் அடுக்கி வைத்த முட்டை நாற ஆரம்பித்தது. அன்றைக்கே மருதாசலம் சேலத்துக்குக் கார்டு எழுதிப் போட்டார்.

நாலாம் நாள் அற்புதராஜ் வாடகைக் காரில் வந்து இறங்கினார். ரெக்ஸ் ஓடிப்போய் அவர் காலடியில் முனகிக்கொண்டு படுத்தது. அவர் அதன் விலாவைத் தடவிப் பார்த்தார். "ஒரு நாளாவது நடக்கக் கூட்டிட்டுப் போனீங்களா சார்?"

மருதாசலம் தென்னை மரத்தைப் பார்த்தார்.

"பிள்ளைங்க எங்கே?"

"ஊருக்குப் போயிருக்குதுங்க."

அற்புதராஜ் கார்க் கதவைத் திறந்தார், ஒரே சொல் சொன்னார், நாய் ஏறி உட்கார்ந்தது.

சாயங்காலமே மருதாசலம் வெண்ணந்தூர் போய்ச் சேர்ந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் அரைக் கிலோ மிக்சரும் வாங்கிப் போனார். செங்கோடன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். வள்ளியாத்தாள் சொம்புத் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பாவாயி நிலைப்படியிலேயே நின்றாள். கையில் தழும்பு வெளுத்துத் தெரிந்தது.

"கெளம்புங்க சாமி, நம்மூட்டுக்குப் போலாம். நாய அனுப்பிப்போட்டேன்" என்றார்.

"எதுக்குங்க அனுப்புனீங்க?"

பிள்ளைதானே என்று அவரும் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "முட்டை லாரிய உள்ளயே உட மாட்டேங்குது சாமி. ரெண்டு நடை முட்டை அழுகிப்போச்சு."



"என்னயக் கடிச்சப்ப ஏனுங்கப்பா அனுப்புல?"

மருதாசலம் மிக்சர் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. உள்ளே போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசி பஸ்ஸில் அவர் தனியாகத்தான் திரும்பினார்.